லூலூ ரவுண்டானா நாட்கள்: அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

தொண்டிக்காரன்:
2011ல பஹ்ரைன்ல இருந்தவங்களுக்கு விளக்கம் வேண்டாம். சனாபிஸ்ல ஒரு கோல்டு ஸ்டோர்ல, அதாவது சின்ன மளிகைக் கடையில, வேலை பார்த்தேன். ஆட்சிக்கு எதிரா ஜனங்க கூடாரம் போட்டு உக்காந்த லூலூ ரவுண்டானா நடந்து போற தூரம். பிப்ரவரி 14 போராட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து தண்ணி, குபூஸ் ரொட்டி, ஜூஸ்னு கடையைக் காலி பண்ணினாங்க. காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் தினம் நாலு கேஸ் தண்ணி எடுப்பான். "நோட்டுல எழுது ரஃபீக்"னு சொல்லிட்டுப் போவான். ரஃபீக்னா தோழர். 17ஆம் தேதி விடியக்காலையில கூடாரத்துல தூங்கினவங்க மேல போலீஸ் இறங்கினது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது மார்ச் 16.

ரெண்டு நாள் முன்னாடிதான் சவூதிப் படை, அவங்க நாட்டையும் பஹ்ரைனையும் இணைக்கிற கடல் பாலம் வழியா வந்திருந்தது. அன்னிக்குக் காலையில ரவுண்டானாவைக் காலி பண்ணவும் ஜனங்க எங்க தெருவுக்குள்ள ஓடி வந்தாங்க. யாரையாவது உள்ள விட்டா விசா போயிடும்னு கஃபீல், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி, முன்னாடியே சொல்லி வச்சிருந்தார். ஷட்டரை இழுத்துட்டேன். பூட்டு மாட்டுறதுக்குள்ள வெளியேர்ந்து உள்ளங்கையால மூணு தட்டு. "பத்தில், ரஃபீக், பத்தில்." திற, திறன்னு. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவுல ரெண்டு கால் தெரிஞ்சுது, ஒண்ணுல செருப்பு இல்ல. அந்த இடைவெளி வழியா புகை உள்ள வந்துச்சு. வெங்காயச் சாக்கை நனைச்சு அதை அடைச்சேன். கண் எரிச்சல் தீர்ந்து பார்க்கிறப்போ கால் இல்ல.

அது அந்தப் பையனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

பொறையார்:
பாய், உங்களைக் குத்தம் சொல்லலை. அந்த நேரத்துல நானும் ஷட்டரை இழுத்திருப்பேன். ஆனா படிக்கிறவங்க ஒரு பக்கம் மட்டும்தான் அடி வாங்குச்சுன்னு நினைச்சிடக் கூடாது. அதே மார்ச்ல மனாமாவுல எங்க பில்டிங் படிக்கட்டுல பத்துப் பதினஞ்சு பேர் கம்போட ஏறி வந்தாங்க. பாகிஸ்தான்காரங்க ரூம் எதுன்னு கேட்டாங்க. பாகிஸ்தான்லேர்ந்து ஆள் எடுத்து போலீஸ்ல சேர்த்து, குடியுரிமையும் குடுத்தாங்கன்னு அவங்களுக்குக் கோபம். கோபத்துல நியாயம் இருக்கு. ஆனா எங்க மாடியில இருந்தவர் பெயிண்ட் அடிக்கிறவர். தலையில துண்டைச் சுத்தி, ரத்தம் நிக்காம, எங்க ரூம் பாத்ரூம்ல விடியுற வரைக்கும் உக்காந்திருந்தார். பெயிண்ட் அடிச்ச கைதான், போலீஸ் கை இல்லன்னு என்கிட்ட விரிச்சுக் காட்டினார். என்கிட்ட எதுக்குக் காட்டணும்?

மன்னர் அமைச்ச பாசியூனி கமிஷன் அந்த நவம்பர்லயே அறிக்கை குடுத்தது. கைதிகளைச் சித்திரவதை பண்ணினதும் அதுல இருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளிகளை அடிச்சதும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க. இன்னொண்ணு, பாலம் வழியா வந்தது சவூதி மட்டும் இல்ல. அமீரகப் போலீஸும் வந்தது.

மஆதி 9ஆம் ரோடு:
பொறையார் சொல்வது சரி என்றாலும், இது கணக்குத் தீர்க்கிற இடம் இல்லையே. தொண்டிக்காரர் தன் மனதில் உறுத்துவதைச் சொன்னார், அவ்வளவுதான்.

நான் அதே 2011இல் எகிப்தில், கெய்ரோவில் இருந்தேன். ஜனவரி 28, போனும் நெட்டும் செத்துப்போன நாள். இரவானதும் போலீஸ் ஒருவரும் தெருவில் இல்லை. எங்கள் கட்டடத்துப் பவ்வாப், அதாவது வாட்ச்மேன், மேல் எகிப்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவர் தலைமையில் தெருக்காரர்கள் கம்பும் சமையல் கத்தியுமாகக் காவல் நின்றார்கள். பிப்ரவரி 11 இரவு அதிபர் முபாரக் பதவியை விட்டுப் போனதும் ஊரே ஹாரன் அடித்தது. அதெல்லாம் டிவியில் நீங்களும் பார்த்ததுதான்.

எனக்கு நினைவில் நிற்பது மார்ச் 19. அரசியல் சாசனத் திருத்தத்துக்குப் பொதுவாக்கெடுப்பு. பவ்வாப் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். முன்னெல்லாம் போகவில்லையா என்று கேட்டேன். "எனக்குப் பதில் அவர்களே போட்டுக்கொள்வார்கள்" என்றார். நமக்கு விரல் மை பழகிப்போன விஷயம். அவரோ மை அழியக் கூடாது என்று அந்த ஒரு விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினார். 77 சதவீதம் பேர் ஆம் என்று போட்டார்கள். அவர் எதற்குப் போட்டார் என்று கடைசி வரை சொல்லவில்லை. "அது ரகசியம், பாஷ்முஹந்திஸ்" (இன்ஜினியர் ஐயா) என்று சிரித்தார்.

2013 ஜூலையில் ராணுவம் திரும்ப வந்தபோது இரண்டு நாள் கழித்து அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். விரலைப் பார்த்தார். லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டார்.

ஏர்வாடி:
நான் லிபியா, பெங்காசி. அதே 2011, கட்டட வேலை. கம்பெனி பெயர் வேண்டாம், எங்க பாஸ்போர்ட்டை எல்லாம் அலமாரியில வச்சுப் பூட்டிட்டு மேனேஜர் முதல்ல கிளம்பிட்டார். நம்ம அரசாங்கம் ஏற்பாடு பண்ணின ஸ்காட்டியா பிரின்ஸ் கப்பல்லதான் அலெக்சாண்ட்ரியா போய்ச் சேர்ந்தோம். துறைமுகம் போற வழியில கடாஃபி ஆட்சிக்கு முந்தைய பழைய மூணு நிறக் கொடியோட நின்ன பசங்க வண்டிக்குள்ள பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டி, "திரும்பி வாங்க, நல்ல லிபியா இருக்கும்"னாங்க. 2014ல மறுபடி சண்டைன்னு செய்தி பார்த்தப்போ அந்தப் பசங்க ஞாபகம்தான் வந்துச்சு.

இப்போ அங்க இருக்கிற தம்பிகளுக்குச் சொல்றேன். பாஸ்போர்ட் முதல் பக்கமும் விசா பக்கமும் நகல் எடுத்து, ஒண்ணு கையில, ஒண்ணு ஊர்ல வீட்டுல வைங்க. போன்ல மட்டும் வச்சா போதாது, போனைத்தான் முதல்ல பிடுங்குவாங்க. போன உடனே தூதரகத்துல பேரைப் பதிஞ்சிடுங்க. எங்க குரூப்ல பதியாதவங்களைத் தேடிக் கண்டுபிடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. ஒரு மாசச் சாப்பாட்டுக்குக் காசைக் கையில வைங்க, கலவரம்னா முதல்ல ஏடிஎம் மூடும். ஊர்வலத்தை வீடியோ எடுத்து அனுப்பாதீங்க. உங்களுக்கு மட்டும் ஆபத்து இல்ல, அதுல முகம் தெரியுறவனுக்கும்தான். ரூம்ல எப்பவும் ரெண்டு கேன் தண்ணி இருக்கட்டும்.

தொண்டிக்காரன்:
பொறையார், அந்தப் பெயிண்டரைப் பத்தி எழுதினதுக்கு நன்றி. அதுவும் இங்க இருக்க வேண்டியதுதான்.

ரவுண்டானா சிலையை மார்ச் 18 இடிச்சாங்க. ஆறு பாய்மரம், மேல முத்து. விழுந்ததுல கிரேன் ஓட்டின நம்மளை மாதிரி ஒரு ஆசியத் தொழிலாளி செத்தார். அந்தச் சிலை போட்ட 500 ஃபில்ஸ் காசையும் புழக்கத்திலேர்ந்து எடுத்துட்டாங்க. கல்லாவுல வந்த ஒண்ணை என் பணம் போட்டு மாத்தி எடுத்து வச்சிருக்கேன்.

பையன் திரும்ப வந்தானான்னு ரெண்டு பேர் தனியா கேட்டீங்க. வந்தான், ஏப்ரல்ல. நோட்டைப் பார்த்து பாக்கியைக் குடுத்தான். ஷட்டரைப் பத்தி அவனும் கேக்கல, நானும் சொல்லல. கால்ல புதுச் செருப்பு.