லேத்திலேயே டிஸ்க் சாண்டர்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோயம்புத்தூர்

மரத்துண்டுகளை ஒட்டி லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கிண்ணம் கடைபவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியும். 12 துண்டு சேர்ந்து ஒரு வளையம் என்றால் ஒவ்வொரு முனையும் 15 டிகிரி. ரம்பத்தில் முனைக்குக் கால் டிகிரி பிசகினால் போதும், 24 முனைக்கும் சேர்த்து 6 டிகிரி ஆகிவிடும். கடைசித் துண்டு உட்காரவே உட்காராது. கொஞ்சம் தாராளமாக அறுத்துக்கொண்டு டிஸ்க் சாண்டரில் (உப்புத்தாள் ஒட்டிய வட்டு சுழலும் இயந்திரத்தில்) வைத்துச் சரிசெய்வதுதான் எனக்குத் தெரிந்த வழி. தனியாக ஒரு சாண்டர் வைக்கப் பட்டறையில் இடமில்லை. லேத்தில் நல்ல மோட்டார் ஒன்று சும்மா நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்றும் தோன்றியது. அதனால் உப்புத்தாள் ஒட்டிய வட்டு ஒன்றை லேத்திலேயே மாட்டிவிட்டேன்.

வட்டுக்கு 18 மி.மீ. மரைன் பிளை எடுத்தேன். பலகையிலேயே ஐஎஸ் 710 என்று அதன் இந்தியத் தர எண்ணை அச்சடித்திருப்பார்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இன்னும் சமமாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் ஊதிவிடும், மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது. அளவு 9 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இதற்கு ஒரு காரணம் உண்டு: கடையில் கிடைக்கும் சாதாரண உப்புத்தாள் 9க்கு 11 அங்குலம். 10 அங்குல வட்டு செய்தால் தாளில் ஒட்டுப் போட வேண்டியிருக்கும், அந்த ஒட்டில் மரம் தட்டித் தட்டித் துள்ளும். பெரிய வட்டுத்தான் வேண்டும் என்பவர்கள் வட்டமாகவே வெட்டி விற்கும் தாளைத் தேடி வாங்க வேண்டும்.

ஜிக்சாவில் அறுத்து, ஃபேஸ் பிளேட்டில் (லேத்தின் சுழலும் தண்டில் மாட்டும் இரும்புத் தட்டில்) வைத்துத் தடித்த மர ஸ்க்ரூவால் முறுக்கிவிட்டேன். ஜிப்சம் போர்டுக்குப் போடும் கருப்பு ஸ்க்ரூ இங்கே வேண்டாம். விறைப்பானது, பக்கவாட்டில் இழுபட்டால் சட்டென்று முறியும். அப்புறம் லேத்தை மெதுவாக ஓட்டி, விளிம்பை உளியால் வட்டமாக்கி, நேரான பட்டியில் 60 நம்பர் தாளை ஒட்டி முகம் முழுக்கத் தேய்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எந்த அச்சில் ஓடப்போகிறதோ அதே அச்சில் வைத்தே வட்டைச் சரிசெய்கிறோம். வெளியில் எவ்வளவு கவனமாக அறுத்துக் கொண்டுவந்தாலும் இந்தத் துல்லியம் வராது. முகத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் பள்ளம் மேடு தெரிந்துவிடும். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க, டூல் ரெஸ்டில் (உளியைத் தாங்கும் கம்பியில்) பென்சிலை அசையாமல் வைத்து வட்டைக் கையால் சுற்ற வேண்டும். கோடு அறுபடாமல் விழுந்தால் சரி.

பிளையின் மேல் நேராகத் தாளை ஒட்டாமல், நடுவில் ஒரு சன்மைக்கா ஒட்டிக்கொண்டேன். மேலே ஃபெவிகால் எஸ்ஆர் 998 தடவித் தாளை ஒட்டினால், மாற்றும்போது ஹேர் டிரையரில் சூடாக்கி உரித்துவிடலாம். பிளை நார் கூடவே பிய்ந்து வராது.

வட்டு இவ்வளவுதான். உண்மையான வேலை மேசையில்தான் இருக்கிறது. பலர் வட்டை மட்டும் செய்து, கையில் மரத்தைப் பிடித்துத் தேய்த்துவிட்டு, "துல்லியம் வரவில்லை" என்கிறார்கள். எப்படி வரும்? பிளையில் ஒரு பெட்டி செய்து, அதன் அடியில் லேத்தின் அடித்தளத்திலுள்ள இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இறுக்கமாக நுழையும் ஒரு கட்டையைப் பொருத்துங்கள். ஒரு நீள போல்ட் கீழேயிருந்து இழுத்துப் பிடிக்கும். எப்போது கழற்றி மாட்டினாலும் மேசை அதே நேரில் வந்து நிற்கும். மேல்பலகை சுழலும் மையத்தின் உயரத்திலோ ஒரு நூல் கீழேயோ இருக்கட்டும். வட்டுக்கும் மேசைக்கும் 2 மி.மீ. இடைவெளி போதும், அதற்கு மேல் விட்டால் சிறு துண்டுகள் உள்ளே இழுபடும். மூலைமட்டத்தை வைத்து 90 டிகிரி பார்த்து, குறைந்த இடத்தில் விசிட்டிங் கார்டைச் செருகி ஏற்றினேன். 15 டிகிரிக்குச் சாய்த்து ஒரு கட்டையை மேசையில் நிரந்தரமாகவே முடுக்கிவிட்டேன். திருப்பித் திருப்பி அளக்கும் தொல்லை போயிற்று.

வட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் இடப்பாதி கீழ்நோக்கி ஓடும். அதாவது கடையும்போது நாம் நிற்கும் பக்கம். அங்கே வைத்தால் வட்டே மரத்தை மேசையில் அழுத்திக்கொள்ளும். வலப்பாதியில் வைத்தால் தூக்கி எறியும். அதனால் ஆறு துண்டு ஒட்டிய அரை வளையத்தின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் வட்டில் கொடுக்க நான் துணிவதில்லை. அதற்குக் கண்ணாடிப் பலகையில் ஒட்டிய தாளில் கையால் தேய்ப்பதே மேல்.

அம்பாசமுத்திரம் பக்கம்

அண்ணே, மேசை இல்லாமல் ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் சொப்புச் சாமான் கடையும் பட்டறைகள் உண்டு. சின்னக் குடம், தட்டு இவற்றின் அடியைச் சமமாக்க வட்டில் ஒரு தொடுதொட்டு எடுத்தால் முடிந்தது. கோணமே வேண்டாத வேலைக்கு மேசை எதற்கு? ஆனால் விரல் நுனி தாளுக்குப் பக்கத்திலேயே இருக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

அரக்கு ஏற்றிய சாமானை மட்டும் வட்டில் வைக்கவே கூடாது. தேய்க்கும் சூட்டில் அரக்கு இளகித் தாளில் அப்பிக்கொள்ளும், அத்தோடு அந்தத் தாள் போச்சு. முதலில் அடியைத் தேய்த்துவிட வேண்டும், அரக்கு அதற்கப்புறம்தான்.

வேகத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லையே. உங்கள் அளவு வட்டு 1000 சுற்றில் ஓடினால் விளிம்பு நிமிடத்துக்கு 700 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அது தாராளம். வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பார்கள். மரம் கருகுவதுதான் மிச்சம், முக்கியமாக நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனையில். ஒரே இடத்தில் அழுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மையத்துக்குப் பக்கத்தில் தாள் கிட்டத்தட்ட நிற்கிற மாதிரிதான், வெளிப்பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். தேக்கில் எண்ணெய் உண்டு, தாள் சீக்கிரம் அடைக்கும். பழைய க்ரேப் சோல் இருந்தால் ஓடும் வட்டில் லேசாக அழுத்துங்கள், தூள் முழுக்க ரப்பரோடு வந்துவிடும்.

சென்னை, அபார்ட்மெண்ட்

என்னுடையது மினி லேத், 8 அங்குல வட்டுகூட நுழையாது. 7 அங்குலம்தான். அதுவே பேனா, சாவிக்கொத்து வேலைக்கு எனக்கு அதிகம்.

ஃபேஸ் பிளேட் இல்லாதவர்கள் நாலு தாடைச் சக்கில் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பானில்) பிடிக்கலாம்; வட்டின் பின்னால் ஒரு கட்டையை ஒட்டிக் காம்பு கடைந்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கொஞ்சம் விலகும். ஃபேஸ் பிளேட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. மோர்ஸ் டேப்பர் தண்டில் (லேத்தின் துளைக்குள் செருகும் கூம்புத் தண்டில்) மாட்டுகிறவர்கள் பின்னாலிருந்து நீள போல்ட் விட்டு இறுக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் தளர்ந்து வெளியே வந்துவிடும். ரிவர்ஸில் ஓட்டும் ஆசை வேண்டாம், மறையில் மாட்டிய எதுவும் கழன்றுகொள்ளும்.

வெல்க்ரோ வைத்தும் பார்த்தேன். தாள் மாற்ற நொடிப்பொழுது. ஆனால் அந்த மெத்தென்ற அடியில் மரத்தின் ஓரம் லேசாக மழுங்குகிறது. கோயம்புத்தூர்க்காரர் சொல்லும் 15 டிகிரி வேலைக்கு அது ஆகாது.

எல்லாவற்றையும் விடத் தூசிதான் எனக்குப் பிரச்சினை. கடையும்போது விழுவது சுருள், பெருக்கி எடுத்துவிடலாம். வட்டிலிருந்து வருவது மாவு, வீடு முழுக்க மிதக்கும். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வைத்துவிட்டது. வட்டின் கீழ்ப்பாதியைப் பிளைப் பெட்டியால் மூடி, வேக்குவம் குழாயை மேசைக்கு அடியில் செருகியிருக்கிறேன். கீழ்நோக்கி ஓடும் பக்கம்தானே, தூசியில் பெரும்பகுதி நேராக அதற்குள் போய்விடுகிறது. என்95 முகக்கவசமும் உண்டு. இரும்பை இதே வட்டில் தேய்க்காதீர்கள், பெட்டிக்குள் தேங்கிய தூளில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

கோயம்புத்தூர்

அம்பாசமுத்திரம் தம்பி சொன்ன வேகம் சரிதான், நானும் 1000ஐத் தாண்டுவதில்லை. தூசிப் பெட்டியை என் மேசையின் அடியிலேயே கட்டிவிடலாம் போலிருக்கிறது. சென்னை நண்பரே, குழாய் எத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள், ஓட்டை போட்டுவிடுகிறேன்.