அப்பா ஊருக்குப் போகிறோம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு அப்பாவின் ஊருக்குப் போகிறோம். அவர் இல்லாமல் போவது இதுதான் முதல் முறை. அங்கே சித்தப்பாக்கள் வீடும் இருக்கிறது, அத்தை வீடும் இருக்கிறது. யார் வீட்டில் தங்கினாலும் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வருமோ என்று தயக்கம். வெளியே அறை எடுத்தால் எல்லோருமே வருத்தப்படுவார்கள்.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அத்தைக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனால் பழைய ஃபோட்டோவைக் கையில் கொடுத்தால், ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிறவரைக்கூட இன்னார் மகன், இன்னாருக்கு மச்சான் என்று சொல்லிவிடுவார். அதையெல்லாம் அவர் குரலிலேயே பதிவு செய்துவைக்க ஆசை. ஃபோனை நீட்டினாலே பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டுப் பெரியவர்களைக் கூச்சமில்லாமல் பேசவைத்தவர்கள் எப்படி ஆரம்பித்தீர்கள்? தங்குவதைப் பற்றியும் சொல்லுங்கள்.