ஒரே போர் தண்ணீர். கூலிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மூட்டுப்பிடிப்பு, ஏன்?

பாலக்கோட்டான்: தர்மபுரி பக்கம். எங்கள் தெரு போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் புளோரைடு லிட்டருக்கு 2.5 மி.கி. கடை வைத்திருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இடுப்பு, முழங்கால் பிடிப்பு. பக்கத்துத் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வந்தும் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு போகுமா?

நீராய்வு: போகாது. தண்ணீர் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கும். சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். இந்தியத் தரப்படி 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை.

வித்தியாசம் குடிக்கிற அளவில் இருக்கிறது. நிழலில் உட்கார்ந்து 2 லிட்டர் குடித்தால் 5 மி.கி. வெயிலில் களை வெட்டுகிறவர் 6 லிட்டர் குடித்தால் 15. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு மொத்தம் 14 மி.கி. உள்ளே போனால் எலும்பு பாதிப்புக்கான ஆபத்து கூடுவது தெளிவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 6 தாண்டினாலே ஆபத்து கூடலாம் என்று சந்தேகம்தான்.

செவிலி: சாப்பாட்டையும் பாருங்கள். குடலில் கால்சியம் இருந்தால் புளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் ஏறுவது குறையும். ஆனால் மாடு வைத்திருக்கிற வீட்டிலேயே பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, பிள்ளைக்குப் பால் ஊற்றாத டீ. தேயிலையிலேயே புளோரைடு உண்டு! கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 340 மி.கி.க்கு மேல். அந்தக் களியைப் போர் தண்ணீரில் கிண்டினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற கதை. பக்கத்துத் தெருவில் ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு சோறு, குழம்புக்குப் போர் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று விசாரியுங்கள்.

பல் கறை பழைய கணக்கு. 8 வயதுப் பிள்ளையின் முன்பல்லில் தெரிவது 2, 3 வயதில் உள்ளே போனது. இப்போது தண்ணீரை மாற்றினாலும் அந்தக் கறை மறையாது. தம்பி தங்கைகளுக்கு இனி முளைக்கிற பல்லைப் பாருங்கள்.

பாலக்கோட்டான்: படிகாரம் போடலாமா?

நீராய்வு: கலங்கல் தெளிய ஒரு சிட்டிகை போடுவது புளோரைடுக்குப் பத்தாது. நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் கணக்காகச் சேர்க்க வேண்டும். அளவு தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்தது. கைக்கணக்கில் போட்டால் அலுமினியம் தங்கிவிடும். அலுமினா வடிகட்டி நல்லது, ஆனால் அது புளோரைடைப் பிடிக்கிற சக்தி தீர்ந்துபோனால் ருசியில் தெரியாது. வெளியே வரும் தண்ணீரை அவ்வப்போது சோதித்தே ஆக வேண்டும். ஆர்.ஓ. வைத்தால், பிரித்த புளோரைடு கழிவுநீரில்தான் சேரும், அதை மாட்டுக்குக் காட்டாதீர்கள்.

மழைநீரில் புளோரைடு இல்லாத மாதிரிதான். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மி.மீ. பெய்தால் 1000 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, மூடிய தொட்டியில் பிடித்துச் சமையலுக்கு வையுங்கள். சோதனைக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் 1 லிட்டர், அதே தண்ணீரில் அலசிப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள்.