கேம்பர் ட்ரெய்லரில் நடுப்பகுதி கொதிக்கிறது, படுக்கையறை குளிர்கிறது: ஃபர்னஸ் சூட்டைச் சமப்படுத்துவது எப்படி?

மிசிசாகா வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு வசந்தத்தில் 26 அடி நீளமான பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். கோடை முழுவதும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவுகள் குளிரத் தொடங்கிய பின்னர்தான், அதன் ஃபர்னஸ் சூட்டைச் சமமாகப் பகிர்வதில்லை என்பது தெரிய வந்தது.

ஃபர்னஸ் மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அலகு) அளவுள்ளது; புரோபேனில் இயங்குகிறது; ட்ரெய்லரின் நடுவில், குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. சூடான காற்று வெளிவரும் வாய்களில், குசினித் தரையில் அதற்கு மிக அருகில் இரண்டு வென்ட்களும், சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒன்றும், முன்பக்கப் படுக்கையறையில் ஒன்றும், பின்பக்கக் குளியலறையில் ஒன்றும் உள்ளன. தெர்மோஸ்டாட்டை 68 பாகை ஃபாரன்ஹீட்டில் வைத்தால், குசினி வென்ட்டின் உலோகத் தட்டின்மேல் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. அதே நேரத்தில் கட்டிலருகே வைத்த வெப்பமானி 57 பாகையைக் காட்டுகிறது. பிள்ளை உறங்குவதற்காகக் கதவைச் சாத்திவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வேறு இரண்டு விடயங்களையும் கவனித்தேன். ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையில் சிறிது நேரம் குளிர்ந்த காற்று வந்து, பிறகு மீண்டும் சூடாகிறது. முகாமின் மின்னிணைப்பில் இருக்கும்போது வருகிற காற்று, பற்றரியில் மட்டும் ஓடும்போது வருவதைவிடச் சற்று வேகமாக இருக்கிறது.

அக்டோபர் இறுதியில் அல்கொன்குவின் பூங்காவின் மியூ லேக் முகாமில், மின்சார வசதியுள்ள இடத்தில் தங்க எண்ணியுள்ளோம். அதற்கு முன் குசினியில் உள்ள இரண்டு வென்ட்களையும் மூடிவிடலாமா, படுக்கையறைக் குழாயினுள் 12 வோல்ட் விசிறி ஒன்றைப் பொருத்தலாமா, அல்லது பேசாமல் ஒரு மின்சார ஹீட்டரை வாங்கிவிடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

டெட்ராய்ட் தமிழன் எழுதியது:

அந்த இரண்டு வென்ட்களையும் தயவுசெய்து மூடாதீர்கள். இந்தக் கேள்விக்கு எல்லோரும் முதலில் கூறும் யோசனை அதுதான். உங்கள் ஃபர்னஸுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

வீடுகளுக்கு வெப்ப, குளிர்சாதன அமைப்புகளைப் பொருத்துவது என் தொழில். புதிய வீட்டு ஃபர்னஸ்கள் சில தேவைக்கேற்பச் சுடரைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். டிரெய்லர்களில் இருப்பவை பெரும்பாலும் அப்படியல்ல; எரிந்தால் முழு அளவில் எரியும், இல்லையேல் அணைந்திருக்கும். அந்த 30,000 பி.டி.யு. என்பது உள்ளே செல்லும் எரிவாயுவின் கணக்கு. அதில் கால்பங்கு அளவு புகையோடு வெளியே போய்விட, மீதி வெப்பம் முழுவதையும் விசிறியின் காற்று உடனுக்குடன் சுமந்து சென்றாக வேண்டும். காற்று போதவில்லையென்றால் எரியறையைச் சுற்றி வெப்பம் தேங்கும். அங்குள்ள லிமிட் ஸ்விட்ச் எரிவாயுவை நிறுத்திவிடும். விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். சற்று ஆறியதும் சுடர் மீண்டும் பற்றும். இடையில் குளிர்ந்த காற்று வருகிறது என்று நீங்கள் குறிப்பிட்டது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அதாவது, ஐந்து வென்ட்களும் திறந்திருக்கும்போதே உங்கள் ஃபர்னஸ் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. அதில் இரண்டை மூடினால் திணறல் கூடுமே தவிர, படுக்கையறைக்குச் சூடு போகாது.

ஆனால் இதை உறுதி செய்துகொள்ளாமல் எதையும் கழற்ற வேண்டாம். வெளிச்சுவரில் உள்ள புகைவாய்க்கு அருகில் (முகத்தையோ கையையோ அதன் முன்னே கொண்டுபோகாமல்) நின்று கேட்டால், சுடர் எரியும்போது ஓர் உறுமல் ஒலி தெளிவாகக் கேட்கும். தெர்மோஸ்டாட் இன்னும் சூடு கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த உறுமல் நின்று, விசிறியின் ஒலி மட்டும் தொடர்ந்தால், நான் சொன்ன காரணமே சரி என்று கொள்ளலாம். அந்த நேரத்தில் சமையல் அடுப்பின் சுடர் குன்றியோ துடித்தோ எரிந்தால், கோளாறு காற்றில் இல்லை, எரிவாயு அழுத்தத்தில் இருக்கிறது. எரிவாயு அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் தர வேண்டும். அதை மானோமீட்டரால் அளந்து சரிசெய்வது உரிமம் பெற்றவரின் வேலை.

இனி, சூடு ஏன் ஒரே பக்கம் தேங்குகிறது என்ற கேள்விக்கு வருவோம். மதகுக்கு அருகில் உள்ள வயல் நிறையக் குடித்துவிட, கடைமடை காய்வதைப் போன்றதுதான் இதுவும். காற்று தடை குறைந்த வழியையே தேடும். படுக்கையறைக்குப் போகும் 4 அங்குல வளைகுழாய் நீளமானது. அதில் ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு மடிப்பும் தடையைக் கூட்டும். எனவே அருகில் உள்ளதை அடைக்கப் பார்க்காமல், தொலைவில் உள்ளதன் தடையை நீக்கப் பாருங்கள்.

ஃபர்னஸ் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடங்கள் கழித்து, ஒவ்வொரு வென்ட்டின் வாயிலும் சமையலுக்குப் பயன்படுத்தும் ஊசி வெப்பமானி ஒன்றைப் பிடித்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தை ஒரு மெல்லிய காகிதத் துண்டால் ஒப்பிடுங்கள். காற்று சூடாக இருந்தும் மெலிந்து வந்தால், குழாய் எங்கோ நசுங்கியிருக்கிறது. காற்று வேகமாக வந்தும் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால், தரைக்கு அடியில் குளிரில் கிடக்கும் குழாய் வழியிலேயே சூட்டை இழக்கிறது. ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லையென்றால், குழாய் ஃபர்னஸ் பெட்டியிலிருந்தே கழன்று, தரைக்கடியைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம்.

பிறகு படுக்கையறை வென்ட்டின் திருகுகளைக் கழற்றி, கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இந்தக் குழாய் சுருங்கி விரியும் தன்மையுள்ளது. பொருத்தியவர் தேவைக்கு மேல் நீளத்தை விட்டு, மிகுதியைக் கட்டிலுக்கடியில் மடித்துச் செருகியிருப்பது மிகவும் சாதாரணம். இழுப்பறையின் பின்புறம் அதை நசுக்கியிருப்பதும், மின்கம்பிக் கட்டு அதன்மேல் அழுந்தியிருப்பதும் உண்டு. மிகுதியை வெட்டி, குழாயை நன்றாக நீட்டி, வளைவுகளை அகலமாக்கி, இணைப்பைக் கவ்வியால் இறுக்கி, அலுமினியம் டேப்பால் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை காய்ந்து உரிந்துவிடும்.

ஃபர்னஸின் கையேட்டில், மொத்தக் குழாய்ப் பரப்பும் திரும்பி வரும் காற்றுக்கான திறப்பின் பரப்பும் குறைந்தது எத்தனை சதுர அங்குலம் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். 4 அங்குலக் குழாய் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர அங்குலம். உங்களிடம் உள்ளவற்றைக் கூட்டி, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபர்னஸின் முன்னுள்ள கிராதியைச் செருப்புகளும் பைகளும் மறைத்திருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். உள்ளே வராத காற்றை எந்த விசிறியாலும் வெளியே தள்ள முடியாது. படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் நிலைமை மோசமாவதற்கும் இதுவே காரணம். அறைக்குள் போகும் காற்று திரும்பிவர வழியில்லை. கதவின் அடியில் ஒரு அங்குல இடைவெளியோ, கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு கிராதியோ இருந்தால் போதும்.

கல்கரி அக்கா எழுதியது:

மேலே உள்ளவர் கூறியதோடு முழுவதும் உடன்படுகிறேன். அவர் தொடாத இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

தம்பி, பற்றரியில் ஓடும்போது காற்றின் வேகம் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விசிறி 12 வோல்ட்டில் ஓடுவது. மின்னழுத்தம் சரிந்தால் சுழற்சியும் சரியும். முகாமில் மின்சாரம் இருக்கும்போது, அதைப் பற்றரி அளவு மின்னழுத்தமாக மாற்றும் கன்வேர்ட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் தருகிறது. பழைய பற்றரியோ நள்ளிரவுக்குப் பிறகு 12க்குக் கீழே வந்துவிடும். காற்று வேகம் குறைந்ததும் முதலில் பட்டினி கிடப்பது தொலைவில் உள்ள அறைதான். இன்னும் குறைந்தால், காற்றோட்டத்தை உணரும் செயில் ஸ்விட்ச் மூடாமல் நின்றுவிடும். சுடரே பற்றாது, விசிறி மட்டும் விடிய விடிய ஓடிப் பற்றரியைக் காலி செய்யும். எனவே ஃபர்னஸ் ஓடும்போது அதன் முனைகளிலேயே மீட்டரை வைத்து வோல்ட்டை அளந்து பாருங்கள். பற்றரியில் நன்றாக இருந்து, ஃபர்னஸில் மட்டும் குறைந்திருந்தால், இடையில் துருப்பிடித்த தரை இணைப்பு (மின்கம்பி ட்ரெய்லரின் உலோகச் சட்டத்தோடு சேரும் இடம்) ஒன்று இருக்கலாம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். குசினியின் சூடான காற்று நேரே மேலெழுந்து அதைத் தொடுமானால், படுக்கையறை 57இல் இருக்கும்போதே அது திருப்தியடைந்து ஃபர்னஸை நிறுத்திவிடும். அதை மெல்லக் கழற்றி, கம்பி வரும் துளையையும் பாருங்கள். சில வேளைகளில் அந்தத் துளை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று அதன்மேல் வீசி, எதிர்மாறான கோளாறை உண்டாக்கும்; சிறிது பஞ்சோ பசையோ வைத்து அடைத்துவிடலாம். நெம்புகோல் உள்ள பழைய வகையாக இருந்தால், அது பல பாகைகள் ஏறி இறங்கவிடும். இரு கம்பியில் இயங்கி, தன் சொந்த மின்கலத்தில் ஓடும் எண்முறை தெர்மோஸ்டாட்டாக மாற்றுங்கள். முடிந்தால் அதைப் படுக்கையறைக்குப் போகும் நடையில், வென்ட்டுக்கு நேர்மேலே இல்லாத உட்சுவரில் பொருத்துங்கள்.

வடக்கு ஒன்ராறியோ எழுதியது:

மின்சார ஹீட்டரை நண்பர்கள் தொடவில்லை. மியூ லேக்கில் மின்சாரம் இருப்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பயன் இருக்கும்.

1,500 வாட் ஹீட்டர் மணிக்கு ஏறத்தாழ 5,100 பி.டி.யு. தரும். முழு ட்ரெய்லருக்கும் அது போதாது. ஒரு படுக்கையறைக்குத் தாராளம். 120 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர் இழுப்பதால், 30 ஆம்பியர் இணைப்பில் அதையும் மைக்ரோவேவையும் சுடுநீர்ப் பெட்டியின் மின் கம்பியையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் இணைக்காதீர்கள்; சுவரில் உள்ள பிளக் தொட்டால் சுடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஹீட்டரைத் தெர்மோஸ்டாட் இருக்கும் குசினிப் பகுதியில் வைத்தால் ஃபர்னஸ் இரவெல்லாம் ஓடாமலே நின்றுவிடும். பல ட்ரெய்லர்களில் தரைக்கடித் தொட்டிகளும் குழாய்களும் உறையாமல் இருப்பது, ஃபர்னஸிலிருந்து கீழே போகும் ஒரு சிறு குழாயின் சூட்டால்தான். உள்ளே நீங்கள் இதமாக உறங்கும்போது கீழே தண்ணீர் உறைந்துவிடும். ஹீட்டர் படுக்கையறைக்குள் இருக்கட்டும். நடுப்பகுதியை ஃபர்னஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

குழாய்க்குள் வைக்கும் விசிறியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த விசிறி நின்றிருக்கும்போது அதுவே குழாய்க்குத் தடையாகிவிடும். சூட்டுக்கு ஏற்ற வகை கிடைப்பதும் அரிது. அதற்குப் பதிலாக ஒரு சிறு மேசை விசிறியைப் படுக்கையறை வாசலில் தரையில் வைத்து, அறையின் குளிர்ந்த காற்றைக் குசினிப் பக்கம் தள்ளுங்கள். சூடான காற்று கதவின் மேற்பகுதி வழியாகத் தானே உள்ளே வரும். சூட்டை அறைக்குள் ஊதுவதைவிடக் குளிரை வெளியே ஊதுவது எளிது. குளிர்ந்த காற்று தரையில்தான் கிடக்கிறது. கட்டிலுக்கு மேலுள்ள 14 அங்குலக் கூரைத் திறப்பை அடைக்க ஒரு பஞ்சு மெத்தையும் வாங்கி வையுங்கள். அங்கே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடியைத் தவிர வேறு எதுவும் குளிரைத் தடுப்பதில்லை.

மிசிசாகா வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வார இறுதியில் கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். டெட்ராய்ட் அண்ணா கூறியபடியேதான் இருந்தது. லாச்சிகளின் பின்னால் குழாய் இரட்டையாக மடிந்து, ஒரு மரச்சட்டத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. வெள்ளி நிற உறையில் சட்டத்தின் விளிம்பு பதிந்த தடம்கூடத் தெரிந்தது. மிகுதியாக இருந்த பகுதி என் கையின் நீளத்தைவிட அதிகம். அதை வெட்டி, குழாயை நேராக்கி, அலுமினியம் டேப்பால் ஒட்டினேன். பற்றரியின் தரை இணைப்பையும் சுரண்டித் துடைத்துப் பூட்டினேன். வீட்டு முற்றத்தில் ஓரிரவு ஓடவிட்டதில், தெர்மோஸ்டாட் 68இல் இருக்கும்போது படுக்கையறை 65க்கு வந்தது. இடையில் வந்த குளிர்காற்றும் நின்றுவிட்டது. வென்ட்கள் எதையும் மூடவில்லை.

குளியலறைதான் மிச்சம். அங்கே காற்று நல்ல வேகத்தில் வருகிறது. ஆனால் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கீழே குனிந்து பார்த்தபோது, அந்தக் குழாய் தரைக்கடியில் நெடுந்தூரம் போவதும், அடித்தகட்டில் ஓரிடத்தில் கிழிசல் இருப்பதும் தெரிந்தது. அதே இடத்தில் 2 அங்குல அளவுள்ள சிறு குழாய் ஒன்று எங்கும் இணையாமல் வெறுமனே திறந்து கிடக்கிறது. அது கழன்றுவிட்டதா? அதை அடைத்துவிட்டால் அந்தக் காற்றும் குளியலறைக்கு வருமா?

டெட்ராய்ட் தமிழன் எழுதியது:

அடைக்காதீர்கள். மேலே நண்பர் எழுதிய, தொட்டிகளுக்குச் சூடு தரும் குழாய் பெரும்பாலும் அதுதான்; அது திறந்தபடி இருப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதன் வாய் தண்ணீர்த் தொட்டியின் வால்வுகளை நோக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சரிந்து வேறு பக்கம் திரும்பியிருந்தால் ஒரு கேபிள் டையால் கட்டி நிறுத்துங்கள்.

குளியலறைக் குழாய்க்கு முதலில் அந்தக் கிழிசலை அடைக்க வேண்டும். பரப்பைத் துடைத்து உலர்த்திய பிறகு, அடித்தகட்டுக்கென்றே விற்கும் ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். ஈரத்தில் அது பிடிக்காது. வெளிக்காற்று நின்ற பிறகே குழாயைப் போர்த்துவதில் பயன் உண்டு. பஞ்சு உறையோடு வரும் 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் அதைவிட நன்றாகப் பெரியது. தரைச் சட்டங்களின் துளைக்குள் அது நுழையாது. எனவே பழைய குழாயை இடத்திலேயே விட்டு, கைக்கு எட்டும் பகுதிகளில் வெள்ளிநிறக் குமிழ்த்தாளைத் தளர்வாகச் சுற்றி ஒட்டுங்கள். இறுக்கிச் சுற்றினால் மீண்டும் நசுங்கும். ஃபர்னஸ் பெட்டியை ஒட்டிய பகுதியில் எதையும் சுற்ற வேண்டாம். கையேட்டில் குறிப்பிட்ட இடைவெளியை அப்படியே விட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய ட்ரெய்லர்களில் அது பெரும்பாலும் கடந்துபோயிருக்கும்.