பேட்டரி மாற்றிய பின் ஐடிலிங்கில் அணையும் எஞ்சின்: சோதனையை எங்கே தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். என்னுடைய 2012ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஏறத்தாழ 90,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது. சென்ற வாரம் பேட்டரியை மாற்றினோம். அதுவரை குறையில்லாமல் ஓடிய வண்டி, அன்று முதல் ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வரை இறங்கி நடுங்குகிறது. சிக்னலில் நிற்கும்போது, அதிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தால், அணைந்தே விடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. த்ராட்டில் பாடியையே (உள்ளிருக்கும் தட்டைத் திறந்து மூடி எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொன்னதால், அந்தச் செலவில் இறங்கும் முன் இங்கே கேட்கிறேன்.

பதில் 1:
இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். மின்னணு த்ராட்டிலில் நாளாக ஆகத் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கார்பன் படிந்து காற்று போகும் இடைவெளி சுருங்கும்போது, ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அதை அறிந்து தட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து ஐடிலிங்கைக் காப்பாற்றி வருகிறது. பேட்டரியைக் கழற்றியதும் பல வண்டிகளில் இந்தக் கணக்கு அழிந்துவிடும். பிறகு அது சுத்தமான த்ராட்டிலுக்கு உரிய அளவே திறப்பதால் காற்று போதாமல் எஞ்சின் தடுமாறுகிறது. த்ராட்டிலைச் சுத்தம் செய்து, சரியான திறப்பு அளவை ஈசிஎம்மை மீண்டும் கற்க விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பதில் 2:
விளக்கம் சரிதான், ஆனால் நான் வேறு இடத்தில் தொடங்குவேன். பல கார்களில் பேட்டரியை எடுக்க ஏர் ஃபில்டர் பெட்டியை நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால், அதிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா, காற்றளவு சென்சாரின் கனெக்டர் முழுதாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள்; எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். விளக்கு எரியாததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம், பதிவாகியிருந்த பழைய பிழைக் குறியீடுகளும் பேட்டரியோடு அழிந்திருக்கக்கூடும். ஸ்கேனரில் எரிபொருள் திருத்தம் (ஈசிஎம் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூடி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால், எங்கோ காற்று கசிகிறது என்று கொள்ளலாம். அப்படியிருந்தால் த்ராட்டிலை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஹோஸும் கனெக்டரும் சரியாகவே இருந்தன, வோல்ட் 14.2, திருத்தம் 4 சதவீதம்தான். த்ராட்டிலைத் திறந்து பார்த்தபோது தட்டைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருந்தது. சுத்தம் செய்யும்போது தட்டைக் கையால் தள்ளலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்கள் உடையக்கூடும். பாடியைக் கழற்றி, த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்து மென்மையாகத் துடையுங்கள். மாட்டிய பின் ஏசி, விளக்கு அனைத்தையும் அணைத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் 10 நிமிடம் ஓட விடுங்கள். அடுத்து ஏசியைப் போட்டு 5 நிமிடம். இந்த முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வழியாகத்தான் கற்பிக்க முடியும் என்பதால், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றுச் செய்து முடித்தோம். முதலில் 1,100 ஆர்பிஎம்மில் நின்று கவலையூட்டியது. கற்க விட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டிய பின் 750இல் நிலைத்துவிட்டது. ஏசி போட்டாலும் அணைவதில்லை.