ஸ்காபா ஃப்ளோ: பெரிய கப்பல்களைவிட மனதில் நின்ற ‘கோல்ன்’

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கிற கடல்பரப்பு ஸ்காபா ஃப்ளோ. அங்கே டைவ் பண்ணப் போகிற எல்லோரும் முதலில் விசாரிப்பது மூழ்கிக் கிடக்கும் பெரிய ஜெர்மன் போர்க்கப்பல்களைத்தான்: கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம். நானும் அந்த ஆசையோடுதான் போனேன். ஆனால் இன்றும் கண்ணிலேயே நிற்பது கோல்ன் என்ற க்ரூஸர், அவற்றைவிடச் சின்ன போர்க்கப்பல்.

முதல் உலகப் போர் முடிந்தபின் அங்கே காவலில் கிடந்த ஜெர்மன் கப்பல்கள் 74. பிரிட்டிஷாரிடம் சிக்கக் கூடாதென்று அவற்றின் ஜெர்மன் தளபதி அட்மிரல் ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று மூழ்கடிக்கச் சொன்னார், 52 மூழ்கின. பெரும்பாலானவற்றைப் பிற்பாடு இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றைத்தான் இன்று டைவ் செய்து பார்க்கிறோம்.

கோடையிலும் தண்ணீர் பன்னிரண்டு டிகிரியை ஒட்டித்தான். ட்ரை சூட் போட்டால் உடம்பு நனையாது, சரி. முகம்? குதித்ததும் நெற்றி விண்ணென்று வலித்தது. கொஞ்ச நேரத்தில் உதடு மரத்துப்போனது. மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் வாயில்தான் இருக்கிறதா என்று பல்லால் கடித்துப் பார்த்துக்கொண்டேன். இறங்க இறங்க சூட் உடம்பைப் பிடிக்கும், மார்பில் உள்ள பட்டனை அழுத்தி சூட்டுக்குள் காற்றை நிரப்பிக்கொண்டே போக வேண்டும்.

கயிற்றைப் பிடித்துப் பச்சை இருட்டில் இறங்கினால், திடீரென்று பக்கத்தில் கப்பல். கோல்ன் வலப்பக்கமாகப் படுத்திருக்கிறது. அதனால் அதன் தளம் நமக்குச் சுவர். அந்தச் சுவரிலிருந்து கவசக் கோபுரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, பார்ப்பதற்கான கீற்றுத் துளைகளோடு. டார்ச் அடித்தேன், உள்ளே இருந்து ஒரு மீன் முறைத்தது! தலையை ஒருக்களித்துப் பார்த்தால் போதும், எது முன்பக்கம், எங்கே நின்று சுட்டிருப்பார்கள் என்று கப்பலே புரிய ஆரம்பிக்கிறது.

அந்தப் பெரிய போர்க்கப்பல்கள் அப்படியில்லை. மேல்பாரம் அதிகம் என்பதால் கவிழ்ந்து கிடக்கின்றன. மேலே நீந்தினால் இரும்பு மேடுதான். பீரங்கியைப் பார்க்க அடியில் குனிந்து டார்ச் அடிக்க வேண்டும். அந்த ஆழத்தில் கிடைக்கிற நிமிடங்களில், குளிரில் விரல் மடங்காமல் இருக்கையில், எனக்கு அது பெரிதாக ஒட்டவில்லை. படகில் வந்த மற்றவர்கள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை, அது வேறு கதை.

எதையும் எடுத்துவர அனுமதி கிடையாது. 1939-இல் 835 பேரோடு மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக் பக்கம் டைவ் செய்யவும் தடை, அது போர்க்கல்லறை.

போகிறவர்கள் கோல்னை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மார்க்கிராஃப் 45 மீட்டர் ஆழம். சூட் பழகியபிறகு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.