கைடிங் கிராஃப் சரியாக இருக்கிறது, நட்சத்திரம் மட்டும் நீள்கிறது: எந்தக் கேமராவை மாற்றுவது?

பாளை வானம்:
வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து படமெடுக்கிறேன். 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத்தூரமும் உள்ள நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி), இரண்டு அச்சுக்கும் மோட்டார் போட்ட ஈக்யூ5 மவுண்ட் (வானம் சுழல்வதற்கேற்பத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), பழைய கேனான் 600டி, கோமா கரெக்டர் (ஓர நட்சத்திரங்களின் வடிவத்தைச் சரிசெய்யும் லென்ஸ்). கைடிங்குக்கு (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டை அவ்வப்போது திருத்துவதற்கு) 120 மி.மீ. குவியத்தூரத்தில் ஒரு குட்டி கைட் ஸ்கோப் (துணைத் தொலைநோக்கி), அதில் 1280×960 கருப்பு வெள்ளை கேமரா. கைடிங் மென்பொருள் பிஎச்டி2.

ஓரியன் நெபுலாவை 30 வினாடி எடுத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழுகிறது. 3 நிமிடம் போனால் அரிசிமணி மாதிரி நீண்டுவிடுகிறது. பிஎச்டி2 காட்டும் கைடிங் கிராஃப் என்னவோ அமைதியாக, மொத்தப் பிழை 0.9 ஆர்க்செகண்ட் (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600ல் ஒரு பங்கு) என்கிறது. கைட் கேமராதான் மட்டமோ என்று சந்தேகம். ஒரு வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. புது கைட் கேமரா வாங்கவா, கேனானை விட்டுவிட்டு குளிரூட்டும் வசதியுள்ள கேமராவுக்குப் போகவா? இரண்டு வேலையையும் ஒரே கேமரா செய்துவிடுமா?

கோவை கண்ணாடி:
பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் ஒரு சோதனை. டிதரிங்கை (படத்துக்குப் படம் வேண்டுமென்றே சில பிக்சல் நகர்த்துவதை) நிறுத்திவிட்டு, கைடிங் ஓட ஓட 3 நிமிடப் படங்கள் 20 எடுங்கள். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு நட்சத்திரம், எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொன்று, எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கின்றன, எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

பாளை வானம்:
நேற்று ராத்திரி எடுத்துவிட்டேன். மூன்று நட்சத்திரமும் ஒரே திசையில் ஏறத்தாழ 40 பிக்சல் நகர்ந்திருக்கின்றன.

கோவை கண்ணாடி:
அப்படியென்றால் உங்கள் கைட் கேமரா நிரபராதி. கணக்கைப் பாருங்கள். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க்செகண்ட் என்று வரும். 600டியின் பிக்சல் 4.3 மைக்ரான், உங்கள் குழாயில் அது 1.18 ஆர்க்செகண்ட். ஒரு மணி நேரத்தில் 40 பிக்சல் என்றால் ஒவ்வொரு 3 நிமிடப் படத்துக்குள்ளும் 2 பிக்சல் நழுவுகிறது. அரிசிமணி அதுதான். 30 வினாடியில் அந்த நழுவல் பிக்சலில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

துருவ அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைப்பது) தப்பாக இருந்தால் கைட் நட்சத்திரத்தைச் சுற்றிப் படம் சுழலும். ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு பக்கம் போகும். உங்களுக்கு எல்லாமே ஒரே பக்கம் போகிறது. கைட் ஸ்கோப்பும் பெரிய குழாயும் ஒன்றுக்கொன்று மெல்ல வளைகின்றன என்று அர்த்தம். கைட் கேமரா தன் நட்சத்திரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, கிராஃப் அமைதியாக இருப்பது அதனால்தான். பெரிய குழாய் வேறெங்கோ பார்ப்பது அதற்குத் தெரியாது. கைட் ஸ்கோப்பை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

பாளை வானம்:
ஃபைண்டர் (குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி) மாட்டும் இடத்தில்தான் அண்ணா. முன்னால் மூன்று, பின்னால் மூன்று, பிளாஸ்டிக் நுனி வைத்த திருகுகள். நீங்கள் கேட்டதும் மாடிக்குப் போய், லேப்டாப்பில் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கைட் ஸ்கோப்பை ஒரு விரலால் லேசாக அழுத்தினேன். நட்சத்திரம் குதித்தது. விரலை எடுத்தேன். பழைய இடத்துக்கு அது திரும்பி வரவே இல்லை.

யாழ் பனைமரம்:
அதுதான் தம்பி குற்றவாளி. எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. கைட் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தை மாற்றிய பிறகும் கொஞ்சம் மிச்சம் நின்றது. பார்த்தால் ஃபோகஸர் (குவியத்தைச் சரிசெய்யும் பாகம்) கேமராவின் பாரத்தில் தொங்குகிறது. பூட்டுத் திருகை இறுக்கி, கேபிளைக் குழாயோடு சேர்த்துக் கட்டினேன். நியூட்டோனியனில் கண்ணாடியும் தன் இருக்கையில் அசையும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று. நம்மைப் போன்ற ஊர்களில் துருவ நட்சத்திரம் 9, 10 டிகிரி உயரத்தில்தான். எனக்குப் பனைக்குப் பின்னால் மறைந்துவிடும். பிஎச்டி2 இலேயே டிரிஃப்ட் அலைன்மென்ட் (மற்ற நட்சத்திரங்களின் நழுவலைப் பார்த்து அச்சைத் திருத்தும் முறை) இருக்கிறது, அதற்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை. பழகிக்கொள்ளுங்கள்.

கோவை கண்ணாடி:
இப்போது கேமராவுக்கு வருகிறேன். ஒரே சென்சார் இரண்டு வேலையும் செய்யாது. 3 நிமிடம் திறந்திருக்கும் சென்சாரிலிருந்து நடுவில் படத்தை எடுக்க முடியாது. கைடிங்குக்கோ இரண்டு வினாடிக்கு ஒரு படம் வேண்டும். ஒரே உடம்பில் இரண்டு சென்சார் வைத்த கேமராக்கள் உண்டு, விலை அதிகம்.

கைட் கேமராவை மாற்றவே வேண்டாம். கருப்பு வெள்ளையாக இருப்பது நல்லது, வண்ண வடிகட்டி ஒளியைத் தின்னாது. குளிரூட்டலும் அதற்குத் தேவையில்லை, டார்க் பிரேம் (மூடியைப் போட்டு எடுத்து, இரைச்சலைக் கழிக்கப் பயன்படுத்தும் இருட்டுப் படம்) போதும்.

படமெடுக்கும் கேமராவை மாற்றலாம் என்பேன், அதற்கு நம் ஊர் வெயிலே காரணம். ராத்திரியும் 28 டிகிரி. தொடர்ந்து ஓடும் கேனானின் சென்சார் 34ஐத் தொடும். வெப்பத்தால் வரும் இரைச்சல் மின்னோட்டம் சுமார் 6 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். சென்சாரை 0 டிகிரிக்கு இறக்கினால் அது ஐம்பதில் ஒரு பங்காகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் குளிரூட்டல் இல்லாமலும் சமாளிப்பார்கள், நமக்கு அது அத்தியாவசியம்.

உங்கள் குழாய்க்கு ஐஎம்எக்ஸ்533 சென்சார் உள்ள வண்ணக் கேமரா பொருந்தும். 3008×3008, பிக்சல் 3.76 மைக்ரான், அதாவது 1.03 ஆர்க்செகண்ட். சென்சாரின் மின்சுற்றால் மூலையில் வரும் ஒளிக்கசிவு கிடையாது. ஒரு குறை உண்டு: 11.3 மி.மீ. சதுரம்தான். கேனானில் 1.7 டிகிரி அகலம் பார்த்தீர்கள், இதில் 0.86. முழு நிலவு தாராளமாக அடங்கும். ஓரியன் நெபுலா ஒரு டிகிரிக்கு மேல் விரிவதால் ஓரம் வெட்டுப்படும். ஆண்ட்ரோமீடா இரண்டிலும் அடங்காது.

என்னைக் கேட்டால் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கோமா கரெக்டருக்கும் சென்சாருக்கும் இடையே 55 மி.மீ. இருக்க வேண்டும். கேனான் தன் உடம்புக்கு 44, அதைக் கரெக்டரோடு இணைக்கும் டி-வளையத்துக்கு 11 என்று அவ்வளவையும் விழுங்கிவிடும். குளிரூட்டும் கேமரா 17.5 மி.மீ. எடுத்துக்கொண்டால் 37.5 மீதி. அந்த இடத்தில் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் மாட்டலாம். பெரிய குழாய்க்குள் வரும் ஒளியிலேயே ஓரத்தைச் சிறு முப்பட்டகம் திருப்பி உங்கள் கைட் கேமராவுக்குத் தரும். தனி கைட் ஸ்கோப் இல்லாததால் அது வளையும் பேச்சே இல்லை. கைடிங் அளவும் 6.4 ஆர்க்செகண்டிலிருந்து 1 ஆகிவிடும். நட்சத்திரம் கிடைக்கக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பாளை வானம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். பணம் செலவாகவில்லை அண்ணா. லேத் பட்டறையில் அலுமினியத்தில் இரண்டு வளையம் கடைந்து, நேராகக் குழாய் வளையத்தின் மேலேயே இறுக்கிவிட்டேன். ஃபோகஸர் பூட்டையும் முடுக்கினேன். நேற்று அதே 20 படம்: நகர்வு 40லிருந்து 6 பிக்சல். 3 நிமிடப் படத்தில் நட்சத்திரங்கள் எல்லாம் வட்டமாக நிற்கின்றன. அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

533 கேமராவும் ஆஃப்-ஆக்சிஸ் கைடரும் சேர்த்து வாங்க முடிவு செய்துவிட்டேன். வந்ததும் எத்தனை டிகிரியில் வைப்பது? மைனஸ் 10 என்கிறார்கள்.

கோவை கண்ணாடி:
வெளி வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 35 டிகிரிதான் அது இறக்கும். 28 டிகிரி ராத்திரியில் மைனஸ் 10 கேட்டால் முழு மூச்சில் ஓடியும் எட்டாது. 0 வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்க அதே 0, அதே கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), அதே 3 நிமிடம். ஒரு மழை நாளில் மூடியைப் போட்டு 40 டார்க் பிரேம் எடுத்து வைத்துவிட்டால் பல மாதத்துக்கு வரும். குளிரூட்டலுக்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டரைத் தனியாக வாங்குங்கள், மவுண்டோடு பகிராதீர்கள்.